சி நிரலுக்குள்ளிருந்து பிற நிரல்களை அடுத்தடுத்து இயக்க நான்கு வழிகள்: பயன்படுத்திப் பார்த்தவனின் மதிப்புரை

பழைய பள்ளி ஆண்டு மலர்களை ஸ்கேன் செய்து, உள்ளே சொல் தேடக்கூடிய பிடிஎஃப் கோப்புகளாக மாற்றும் வேலை ஒன்று என்னிடம் வந்தது. அதில் மூன்று படிகள். ஸ்கேன் செய்த பிடிஎஃப்பை, பாப்லர் தொகுப்பைச் சேர்ந்த பிடிஎஃப்-டூ-பிபிஎம் என்னும் நிரல் பக்கம் பக்கமாகப் படங்களாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு படத்தையும் டெசராக்ட் படித்து, தமிழ் எழுத்துகளை இனங்கண்டு, ஒற்றைப் பக்கப் பிடிஎஃப்பாகத் தர வேண்டும். கடைசியில் பிடிஎஃப்-யுனைட் அந்தப் பக்கங்களை ஒரே கோப்பாகச் சேர்க்க வேண்டும். மூன்றும் ஏற்கெனவே எழுதப்பட்டு இலவசமாகக் கிடைப்பவை. மலர்களின் பட்டியலைப் பராமரிக்கும் என்னுடைய நிரல் மட்டும் சி மொழியில் இருந்தது. அதற்குள்ளிருந்துதான் இம்மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்ட வேண்டியிருந்தது. மூன்று கட்டளைகள்தானே, ஷெல் ஸ்கிரிப்டாக (முனையத்தில் தட்டும் கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பாக) எழுதினால் ஆகாதா என்று கேட்பவர்களுக்கு: தாராளமாக ஆகும். அது மட்டுமே வேலை என்றால் அப்படியே செய்யுங்கள். இந்த மதிப்புரை உங்களுக்கானது அன்று.

யூனிக்ஸ் வழிவந்த கணினிகளில் சி மொழிக்காரருக்கு நான்கு வழிகள் திறந்திருக்கின்றன: சிஸ்டம், பீ-ஓப்பன், ஃபோர்க்-எக்செக்-வெயிட் என்னும் மூவர் கூட்டு, பாசிக்ஸ்-ஸ்பான். நான்கையும் இதே வேலைக்கு, டெபியன் என்னும் லினக்ஸ் வகை ஓடும் ஒரே மடிக்கணினியில் பயன்படுத்திப் பார்த்தேன். வேகத்தை நான் அளக்கவில்லை. ஒரு பக்கத்தைப் படிக்க டெசராக்ட் பல வினாடிகள் எடுத்துக்கொள்ளும்போது, அதைத் தொடங்கிவைக்க ஆகும் மில்லிவினாடிகளை எண்ணிக்கொண்டிருப்பதில் பொருளில்லை. முந்தைய நிரல் முடிந்ததா, ஒழுங்காக முடிந்ததா, இல்லையென்றால் எங்கே எதனால் தவறியது என்பதை எந்த வழி மறைக்காமல் சொல்கிறது என்பதை மட்டுமே பார்த்தேன். படம் பிரிக்கும் நிரல் தோற்றுப்போன பிறகும் எழுத்துணரும் நிரல் ஓடத் தொடங்கினால், முன்தினம் மிச்சமிருந்த பழைய படங்களைப் படித்து, வேறொரு மலரின் பக்கங்களை இந்த மலரின் பெயரில் அது தந்துவிடும். அடுத்தடுத்து இயக்குவதில் உள்ள ஆபத்து அதுதான்.

சிஸ்டம் என்னும் செயற்கூறுதான் (ஃபங்ஷன்) எல்லோருக்கும் முதலில் அறிமுகமாவது. 1989-இல் தரப்படுத்தப்பட்ட சி நூலகத்திலேயே அது இடம்பெற்றுவிட்டது. முனையத்தில் தட்டச்சு செய்யும் கட்டளையை அப்படியே ஒரு சரமாக எழுதிக் கொடுத்தால், அது ஷெல்லை (கட்டளைகளைப் படித்து ஓட்டும் நிரலை) எழுப்பி, சரத்தை அதனிடம் ஒப்படைத்து, ஷெல் முடியும்வரை காத்திருந்து, பிறகுதான் திரும்பும். மூன்று முறை அழைத்தால் மூன்று நிரல்களும் வரிசையாக ஓடும். காத்திருப்பதற்கென்று நாம் ஒரு வரிகூட எழுத வேண்டாம். என் முதல் வடிவம் கால் மணி நேரத்தில் தயாராகிவிட்டது. ஒரே மலர், ஆங்கிலத்தில் பெயரிட்ட ஒரே கோப்பு என்பதால் குறை எதுவும் கண்ணில் படவில்லை. இந்த அளவோடு நிறுத்திக்கொள்பவர் சிஸ்டத்தைப் பாராட்டித்தான் எழுதுவார்.

வேறொரு கணினியில் ஓட்டியபோது சிக்கல் வந்தது. அங்கே டெசராக்ட் இருந்தது; ஆனால் தமிழுக்கான தரவுக் கோப்பு நிறுவப்படவில்லை. டெசராக்ட் புகார் சொல்லிவிட்டு 1 என்ற எண்ணுடன் வெளியேறியது. சிஸ்டம் எனக்குத் தந்ததோ 256. சிஸ்டம் திருப்புவது நிரலின் வெளியேறும் எண்ணை அன்று, கெர்னல், அதாவது இயங்குதளத்தின் கரு, தரும் நிலைச் சொல்லை (நிரல் முடிந்த விதத்தைக் குறிக்கும் எண்ணை). லினக்ஸில் அந்தச் சொல்லின் அடியில் நிரல் சிக்னலால் (இயங்குதளம் வழியே வரும் குறிப்பால்) மடிந்ததா என்ற செய்தியும், அதற்கு மேலுள்ள எட்டு பிட்டுகளில் வெளியேறும் எண்ணும் இருக்கும். இரண்டையும் பிரித்துப் படிக்க மேக்ரோக்கள் உண்டு. நான் அவற்றைத் தொடாமல், வந்த எண்ணை அப்படியே என் நிரலின் வெளியேறும் எண்ணாகத் திருப்பி அனுப்பியிருந்தேன். வெளியே போவது கீழ் எட்டு பிட்டுகள் மட்டுமே என்பதால் 256 அங்கே பூஜ்யமாகிவிட்டது. யூனிக்ஸில் பூஜ்யம் என்றால் வெற்றி. ஒரு பக்கம்கூடப் படிக்கப்படாமல், வேலை வெற்றிகரமாக முடிந்ததாகப் பதிவாகியிருந்தது. தவறு என்னுடையதுதான். இருந்தாலும், தோல்வியைச் சொல்லும் எண்ணை வெற்றியாகக் கடத்திவிடுவது இவ்வளவு சுலபமாக இருப்பதைக் கருவியின் குறையாகவும் எண்ணுகிறேன்.

இரண்டாவது சிக்கல் தமிழில் பெயரிடுபவர்களுக்கென்றே காத்திருப்பது. கட்டளையைக் கோக்க 256 பைட் கொண்ட ஓர் அணியை வைத்திருந்தேன். ஆங்கிலப் பெயர்களுக்கு அது தாராளம். 'பள்ளி ஆண்டு மலர்' என்ற கோப்புறைப் பெயரை எழுத்தாக எண்ணினால் ஒன்பது எழுத்துகள். யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட் ஆகிறது. புள்ளியும் உயிர்மெய்யின் துணையெழுத்தும் தனித்தனிக் குறியீடுகள். ஆக அந்த ஒன்பது எழுத்துகளும் இரண்டு இடைவெளிகளும் சேர்ந்து 44 பைட். கோப்புறைக்குள் கோப்புறை, அதற்குள் பக்கத்தின் பெயர், அதுவும் உள்ளே போகும் படத்துக்கு ஒரு முறை, வெளியே வரும் பிடிஎஃப்புக்கு ஒரு முறை என்று எழுதும்போது 256 நிரம்பி வழிந்துவிட்டது. சரத்தைக் கோக்கும் எஸ்என்-பிரிண்ட்எஃப் என்னும் செயற்கூறு நினைவகத்தைத் தாண்டி எழுதாமல் காப்பாற்றியது. ஆனால் சரத்தை நடுவிலேயே வெட்டிவிட்டது. வெட்டு விழுந்த இடத்தில் மூடும் மேற்கோள் குறி போய்விட்டதால், மேற்கோள் முடியவில்லை என்று ஷெல் புகார் சொல்லி 2 என்ற எண்ணுடன் வெளியேற, சிஸ்டம் 512 என்றது. இதை நல்ல காலம் என்றே சொல்வேன். மேற்கோள் இல்லாத இடத்தில் வெட்டு விழுந்திருந்தால், அரைகுறைப் பெயரில் கோப்பு உருவாகியிருக்கும், புகாரும் வந்திருக்காது. எழுதியிருக்க வேண்டிய நீளத்தை எஸ்என்-பிரிண்ட்எஃப் திருப்பித் தருகிறது. அதைச் சரிபார்ப்பவர்கள் இந்தக் குழியில் விழுவதில்லை.

மேற்கோள் குறி போட்டுப் பெயரைப் பாதுகாத்துவிட்டோம் என்ற எண்ணமும் நிலைக்கவில்லை. ஒரு கோப்பின் பெயரில் ஆண்டைச் சுருக்கி ஒற்றை மேற்கோளோடு '62 என்று யாரோ எழுதியிருந்தார்கள். நான் சுற்றியிருந்த ஒற்றை மேற்கோளை அது நடுவிலேயே மூடிவிட்டது. பெயரில் அரைப்புள்ளி இருந்திருந்தால், அதற்குப் பின்னால் இருப்பதை ஷெல் தனிக் கட்டளையாகவே எடுத்துக்கொண்டு ஓட்டியிருக்கும். முன்பின் தெரியாதவர் பதிவேற்றும் கோப்பின் பெயரை சிஸ்டத்தின் சரத்துக்குள் வைப்பது, நம் முனையத்தின் விசைப்பலகையை அவர் கையில் கொடுப்பதற்குச் சமம். 2014 செப்டம்பரில் பாஷ் ஷெல்லில் ஷெல்ஷாக் என்னும் ஓட்டை வெளிப்பட்டபோது, வெளியிலிருந்து வரும் தரவைச் சூழல் மாறிகளில் (ஒரு நிரல் தான் தொடங்கும் நிரலுக்குக் கடத்தும் பெயர்-மதிப்பு இணைகளில்) வைத்துக்கொண்டு சிஸ்டத்தையோ பீ-ஓப்பனையோ அழைத்த நிரல்கள், கட்டளைச் சரத்தில் ஒரு பிழையும் இல்லாதபோதும், இயல்பு ஷெல் பாஷாக இருந்த கணினிகளில் மாட்டிக்கொண்டன. டெபியனில் இயல்பு ஷெல் டாஷ் என்பதால் அந்த வாசல் அங்கே மூடியிருந்தது. நாம் கேட்காமலே நடுவில் வந்து உட்காரும் ஷெல்லின் நோய் நம்மையும் பிடிக்கும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மூன்றாவது, ஓடும் நிரலை நிறுத்தும் விசைக்கூட்டான கன்ட்ரோல்-சி. 180 பக்க மலர் ஒன்றைத் தவறான பிரிதிறனில் ஓட்டிவிட்டதை இரண்டாம் பக்கத்திலேயே கண்டுகொண்டு கன்ட்ரோல்-சி அடித்தேன். அந்தப் பக்கம் நின்றது. அடுத்த பக்கம் தொடங்கியது. மறுபடி அடித்தேன், அதற்கடுத்த பக்கம் தொடங்கியது. சிஸ்டம் காத்திருக்கும் நேரத்தில் தாய்ப் பிராசஸ் (அழைத்த நிரலின் ஓட்டம்) அந்தக் குறுக்கீட்டுச் சிக்னலைப் புறக்கணிக்கும்படி வைத்திருக்கிறது. சாவது ஓடிக்கொண்டிருக்கும் சேய் (அழைக்கப்பட்ட நிரலின் ஓட்டம்) மட்டுமே. உரைத் தொகுப்பானைத் (எடிட்டரை) திறந்துவிடும் நிரலுக்கு இது சரியான ஏற்பாடு. பக்கம் பக்கமாகச் சுற்றும் மடக்குக்கு (லூப்) இது தொல்லை. திரும்பிய நிலைச் சொல்லில் சேய் குறுக்கீட்டுச் சிக்னலால் மடிந்ததா என்று பார்த்து, ஆமென்றால் மடக்கை விட்டு வெளியேற வேண்டும். அந்த இரண்டு வரிகளை எழுதியிராததால், கடைசியில் வேறொரு முனையத்திலிருந்துதான் நிறுத்த முடிந்தது.

இன்னும் ஒன்று, பெரிய மலர்களைக் கையாள்பவர்களுக்கு. சிஸ்டம் கொடுக்கும் கட்டளை முழுவதும் ஷெல்லுக்கு ஒரே சரமாகப் போகிறது. லினக்ஸில் ஒற்றைச் சரத்துக்கான வரம்பு 1,31,072 பைட். தமிழ்ப் பாதைகள் ஒவ்வொன்றும் 200 பைட் என்று வைத்துக்கொண்டால், 700 பக்கங்களைச் சேர்க்கச் சொல்லும் ஒரே கட்டளை 1,40,000 பைட்டைத் தொட்டு அந்த வரம்பைத் தாண்டிவிடும். அதே 700 பெயர்களைத் தனித்தனி உறுப்புகளாகக் கொடுக்கும் வழிகளில், எல்லாவற்றுக்குமான மொத்த வரம்பு, அடுக்கு நினைவகம் வழக்கமான 8 எம்பியாக இருக்கும்போது, ஏறத்தாழ 2 எம்பி. அங்கே இந்தச் சிக்கல் எழவே இல்லை.

சிஸ்டத்தை முழுவதும் ஒதுக்குகிறேன் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். கட்டளை முழுவதும் நானே எழுதிய மாறாத சரமாக இருந்து, வெளியிலிருந்து ஒரு சொல்கூட உள்ளே வராதபோது, இன்றும் அதையே அழைக்கிறேன். அப்போதும் இரண்டு பழக்கங்களை விடுவதில்லை. அழைப்பதற்கு முன் நம் அச்சு வெளியீட்டை ஃபிளஷ் செய்துவிட (நினைவகத்தில் தேங்கியிருப்பதை வெளியே தள்ளிவிட) வேண்டும். இல்லையென்றால் பதிவுக் கோப்பில் 'முதல் படி தொடங்குகிறது' என்ற நம் வரி, முதல் படியின் வெளியீட்டுக்கெல்லாம் பின்னால் போய் நிற்கும். திரும்பும் எண்ணை மேக்ரோ வழியாகத் தவிர வேறு எப்படியும் படிக்கக் கூடாது.

பீ-ஓப்பனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஓடும் நிரலின் வெளியீட்டை வரி வரியாக வாங்கிக்கொள்ள அது மிக வசதி. மலரில் எத்தனை பக்கங்கள் என்று பிடிஎஃப்-இன்ஃபோவிடம் கேட்டறிய அதைத்தான் பயன்படுத்தினேன். நடுவில் ஷெல் உண்டு என்பதால் பெயர்களைப் பற்றி மேலே சொன்ன குறைகள் அனைத்தும் இதற்கும் பொருந்தும். வரிசை என்று பார்த்தால் ஒரு நுட்பம் இருக்கிறது: பீ-ஓப்பன் நிரலைத் தொடங்கிவிட்டு உடனே திரும்பிவிடும், காத்திருப்பது பீ-குளோஸ்தான். இரண்டு முறை பீ-ஓப்பன் செய்து, பிறகு இரண்டையும் மூடினால், இரண்டு நிரல்களும் ஒரே நேரத்தில் ஓடியிருக்கும். வெளியேறும் நிலையும் பீ-குளோஸ் திருப்பும் எண்ணில்தான் வருகிறது. அந்த எண்ணைப் பலரும் வாங்குவதே இல்லை.

இனி ஃபோர்க், எக்செக், வெயிட். 1971-இல் வந்த முதல் யூனிக்ஸ் கையேட்டிலேயே மூன்றும் இருந்தன. சிஸ்டமும் பீ-ஓப்பனும் இவற்றின்மேல் கட்டியவைதாம். ஃபோர்க் ஓடும் பிராசஸை இரண்டாக்குகிறது. ஒரு முறை அழைத்தால் தாயில் ஒரு முறையும் சேயில் ஒரு முறையுமாக இரண்டு முறை திரும்புகிறது. எக்செக் சேயின் உள்ளடக்கத்தை வேறொரு நிரலாக மாற்றிவிடுகிறது; வெற்றி பெற்றால் திரும்புவதே இல்லை. வெயிட் தாயைக் காத்திருக்க வைத்து, சேயின் நிலைச் சொல்லைக் கொண்டுவருகிறது. ஷெல் நடுவில் இல்லை. கோப்புப் பெயர் அணியின் தனி உறுப்பாகப் போவதால், அதில் இடைவெளி இருக்கட்டும், ஒற்றை மேற்கோள் இருக்கட்டும், அரைப்புள்ளி இருக்கட்டும், எழுதியது எழுதியபடியே டெசராக்டின் கைக்குப் போய்ச் சேர்கிறது. '62 என்ற பெயர் கொண்ட அந்தக் கோப்பு முதன்முறையாக ஒழுங்காக ஓடியபோது, மேற்கோளைக் காப்பாற்ற நான் எழுதிவைத்திருந்த நாற்பது வரிகளையும் மகிழ்ச்சியோடு அழித்தேன்.

நேர்மையில் இந்தக் கூட்டுக்கு நல்ல மதிப்பெண் கொடுக்கலாம். ஆனால் அந்த நேர்மை பயன்படுத்துபவரின் கவனத்தைச் சார்ந்தது. என் கவனம் தவறிய கதையைச் சொல்லிவிடுகிறேன். எக்செக் வெற்றி பெற்றால் திரும்பாது என்று படித்திருந்ததால், அது திரும்பினால் என்ன ஆகும் என்பதை நான் யோசிக்கவில்லை. பிழைச் செய்தி ஒன்றை அச்சிட்டுவிட்டு அப்படியே விட்டுவிட்டேன். டெசராக்ட் நிறுவப்படாத ஒரு கணினியில், பத்தே பக்கங்கள் கொண்ட சோதனைக் கோப்பை ஓட்டினேன். பத்துப் பிழைச் செய்திகள் வர வேண்டிய இடத்தில் 1,023 வந்தன. எக்செக் தோற்ற சேய் சாகவில்லை; தாயின் நகலாகவே பிழைத்திருந்து, மடக்கின் அடுத்த பக்கத்துக்குப் போய், தானும் ஒரு சேயைப் பெற்றது. அந்தச் சேயும் அவ்வாறே செய்தது. ஒவ்வொரு பக்கத்துக்கும் கணக்கு இரட்டிப்பாகிப் பத்தாம் பக்கத்தில் இரண்டின் பத்தாம் அடுக்கில் ஒன்று குறைவாக வந்து நின்றது. இதைவிட என்னைத் திடுக்கிட வைத்தது வேறு: அந்தச் சேய்கள் ஒவ்வொன்றும் மடக்கை முடித்துவிட்டு, முதன்மைச் செயற்கூற்றின் கடைசி வரிக்கு வந்து, பூஜ்யத்தோடு கண்ணியமாக வெளியேறின. காத்திருந்த தாய்க்குக் கிடைத்த செய்தி வெற்றி என்பதுதான். 180 பக்க மலரில் இதைச் செய்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

மருந்து ஒரே வரி: எக்செக்குக்கு அடுத்த வரியில் 127 என்ற எண்ணுடன் அடிக்கோட்டு எக்ஸிட். அடிக்கோடு இல்லாத சாதாரண எக்ஸிட் அங்கே உதவாது. அது தாயிடமிருந்து நகலாக வந்த, இன்னும் அச்சாகாத எழுத்துகளைத் தானும் ஒரு முறை அச்சிட்டுவிடும், பதிவுக் கோப்பில் வரிகள் இரட்டையாகும். அணியின் முடிவைக் காட்டும் நல் சுட்டை (வெற்றுச் சுட்டை) வைக்க மறந்தால் நடப்பதும் விநோதம்தான்: நினைவகத்தில் அடுத்துக் கிடக்கும் எதையோ தன் பெயருக்கு வந்த உறுப்பாக எண்ணி நிரல் எடுத்துக்கொள்ளும், அல்லது எக்செக்கே தோற்கும். வெயிட்டுக்கும் ஒரு பிடிவாதம் உண்டு. நடுவில் வேறு சிக்னல் வந்து தாய் அதைக் கையாண்டால், சேய் முடியாமலே வெயிட் பிழையோடு திரும்பக்கூடும், அப்போது மறுபடி அழைக்க வேண்டும். அடுத்த நிரல் முன்கூட்டியே தொடங்கிவிட்டது என்று புலம்புபவர்கள் இந்த இடத்தைப் பாருங்கள்.

இவ்வளவும் சரியாக எழுதிய பிறகும் இரண்டு குறைகள் மிச்சமிருந்தன. 127 என்று வந்தால், டெசராக்ட் கிடைக்கவில்லையா, கிடைத்து ஓடி அதுவே 127 என்றதா என்று பிரித்தறிய முடியாது. அதற்குத் தனியாக ஒரு குழாய் அமைத்து, எக்செக் தோற்றால் மட்டும் பிழை எண்ணை அதன் வழியே தாய்க்கு அனுப்ப வேண்டும். மற்றது இழைகள், அதாவது ஒரே நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் தனி ஓட்டங்கள். என் பட்டியல் நிரலில் திரையைக் கவனிக்கும் இழை ஒன்று தனியாக ஓடுகிறது. ஃபோர்க் செய்யும்போது அழைத்த இழை மட்டுமே சேய்க்குப் போகிறது. மற்ற இழை அந்த நொடியில் ஒரு பூட்டை (மற்ற இழைகள் நுழையாமல் தடுக்கும் குறியை) பிடித்திருந்தால், திறப்பதற்கு ஆளில்லாமல் பூட்டு மட்டும் நகலாகிவிடுகிறது. ஆகவே ஃபோர்க்குக்கும் எக்செக்குக்கும் நடுவில் நினைவகம் கேட்பதோ பிரிண்ட்எஃப் செய்வதோ கூடாது. 2019-இல் ஹாட்-ஓஎஸ் பயிலரங்கில் வெளியான ஆய்வுக் கட்டுரை ஒன்று, இவைபோன்ற காரணங்களை அடுக்கி, ஃபோர்க்குக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்றே வாதிட்டது. ஐம்பது ஆண்டு உழைத்தவருக்கு ஓய்வு கொடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. அதே நேரத்தில், சேய்க்குள் நின்று நாம் விரும்பியதை எல்லாம் செய்துகொள்ள முடியும் சுதந்திரத்தை வேறெதுவும் இந்த அளவுக்குத் தருவதில்லை.

பாசிக்ஸ்-ஸ்பான், யூனிக்ஸ் வகைக் கணினிகளுக்கான பொதுத் தரமான பாசிக்ஸின் 2001-ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே வந்துவிட்டது. ஃபோர்க்கை ஏற்க முடியாத சிறிய கணினிகளை மனத்தில் வைத்து வகுத்தது என்பதாலோ என்னவோ, நம் ஊர்ப் பாடப்புத்தகங்கள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. நானும் கடைசியில்தான் வந்தேன், முதலிலேயே வந்திருக்கலாம். நிரலின் பெயர், உறுப்புகளின் அணி, சூழல் மாறிகளின் அணி, வேண்டுமானால் கோப்புகளைத் திறக்க-மூட ஒரு பட்டியல்: இவற்றைக் கொடுத்தால் அது சேயைத் தொடங்கி, அதன் எண்ணைத் தருகிறது. காத்திருப்பதற்கு வெயிட்தான். பெயரின் முடிவில் பீ சேர்ந்த வடிவம், கட்டளை இருக்கும் இடத்தை வழக்கமான பாதைகளில் தேடிக்கொள்கிறது. சேய்க்குள் நம் வரிகள் எதுவும் ஓடுவதில்லை என்பதால், 1,023 பிழைச் செய்திகள் வருவதற்கான வாய்ப்பே இல்லை.

என் அளவுகோலில் இது முதலிடம் பெறுவதற்குக் காரணம் ஒரே ஓர் அம்சம். லினக்ஸின் வழக்கமான சி நூலகமான ஜி-லிப்சியின், 2016-இல் வந்த 2.24 பதிப்பு முதல், எக்செக் தோற்றால் அந்தச் செய்தி பாசிக்ஸ்-ஸ்பான் திருப்பும் எண்ணிலேயே கைக்கு வந்துவிடுகிறது. நிரல் தொடங்கவே இல்லை என்பது தொடங்கும் இடத்திலேயே தெரிந்துவிடுகிறது. தொடங்கித் தோற்றது என்பது வெயிட்டில் தெரிகிறது. 127-இன் குழப்பம் தீர்ந்தது. டெசராக்ட் இல்லாத அந்தக் கணினியில் மறுபடி ஓட்டியபோது, முதல் பக்கத்திலேயே, அப்படி ஒரு கோப்பு இல்லை என்ற ஒரே வரியோடு வேலை நின்றது. ஒரு சிறு எரிச்சல் உண்டு: இது பிழை எண்ணை, வழக்கமாக அது வைக்கப்படும் எர்நோ என்னும் மாறியில் வைப்பதில்லை, நேரடியாகத் திருப்புகிறது. பழக்கதோஷத்தில், எர்நோவைப் பார்த்துச் செய்தி அச்சிடும் பி-எரரை அழைத்தீர்கள் என்றால், பிழை நேர்ந்த இடத்தில் 'வெற்றி' என்று அச்சாகக்கூடும். பிழை எண்ணைச் செய்தியாக மாற்றும் எஸ்டிஆர்-எரரை அழைத்து, திரும்பிய எண்ணை அதனிடம் கொடுக்க வேண்டும்.

ஒவ்வொரு பக்கத்தின் புகார்களும் தனிப் பதிவுக் கோப்புக்குப் போக வேண்டும் என்பதையும், கோப்புகளைத் திறக்க-மூடக் கொடுக்கும் அந்தப் பட்டியலிலேயே சொல்லிவிட்டேன். டெசராக்ட் தானாகப் பல இழைகளில் ஓடி மடிக்கணினியைத் திணறடிப்பதைத் தடுக்க, இழை வரம்பை 1 என்று சொல்லும் சூழல் மாறியை அதற்கு மட்டும் கொடுக்க முடிந்தது. என் நிரலின் சூழல் தீண்டப்படவில்லை. கன்ட்ரோல்-சி அடித்தால் இப்போது தாயும் சேயும் சேர்ந்தே நிற்கின்றன. குறை என்றால், சேய் ஓட வேண்டிய கோப்புறையை மாற்றும் வசதி ஜி-லிப்சியில் 2019-இல்தான், அதுவும் தரத்துக்கு வெளியே உள்ள நீட்டிப்பாக வந்தது. பாசிக்ஸ் தரம் அதை 2024-இல்தான் ஏற்றுக்கொண்டது. நினைவக வரம்பு, நேர வரம்பு போன்றவற்றைச் சேய்க்கு மட்டும் விதிக்க வேண்டுமானால் இன்னும் ஃபோர்க்கிடம்தான் போக வேண்டும். ஷெல் இல்லாததால் உடுக்குறி (* என்னும் குறி) பொருந்தும் கோப்புப் பெயர்களாக விரியாது என்பதையும் நினைவில் வையுங்கள்: பக்கங்கள் அனைத்தையும் குறிக்க உடுக்குறி இட்ட பெயரைக் கொடுத்தபோது, அந்தக் குறியையே பெயரில் கொண்ட ஒரு கோப்பைப் பிடிஎஃப்-யுனைட் தேடி, இல்லை என்றது. கிளாப் என்னும் செயற்கூறு அந்த வேலையைச் செய்து, அகர வரிசையில் அடுக்கியும் தருகிறது. பக்க எண்களைப் பிடிஎஃப்-டூ-பிபிஎம் முன்னால் பூஜ்யமிட்டு 001, 002 என்றே எழுதுவதால் அகர வரிசையே பக்க வரிசையாகவும் அமைந்துவிட்டது.

விண்டோஸில் இதே வேலையைச் செய்ய விரும்புபவர்களுக்குச் சுருக்கமாக. அங்கே சிஸ்டம் உண்டு, ஆனால் வெளியேறும் எண்ணை நேரடியாகவே தருகிறது. லினக்ஸ் பழக்கத்தில் 256-ஆல் வகுத்தால் 1 என்பது பூஜ்யமாகி, தோல்வி மறுபடியும் வெற்றியாகும். அதைவிட முக்கியம், தமிழுக்கென்று விண்டோஸில் பழைய ஆன்சி குறியீட்டுப் பக்கம் (எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் அட்டவணை) கிடையாது. ஆகவே சாதாரணச் சரங்களில் எழுதும் தமிழ்ப் பெயர்கள் வழியிலேயே கேள்விக்குறிகளாகிவிடலாம். நிரலைத் தொடங்கும் விண்டோஸ் செயற்கூறான கிரியேட்-பிராசஸின் அகன்ற எழுத்து (யூனிகோடு) வடிவத்தை அழைத்து, அது தரும் கைப்பிடியைக் கொண்டு காத்திருந்து, வெளியேறும் எண்ணைத் தனியாகக் கேட்டு வாங்குவதே அங்கே நம்பத்தக்க வழி. உறுப்புகளை ஒரே சரமாகக் கொடுக்க வேண்டும் என்பதால் மேற்கோள் தொல்லை அங்கேயும் விடாது.

இப்போது என் நிரலில் 'ஓட்டு' என்று பெயரிட்ட ஒரே செயற்கூறு இருக்கிறது. அணியை வாங்கிக்கொண்டு பாசிக்ஸ்-ஸ்பான் செய்து, வெயிட்டைப் பிழையின்றித் திரும்பும்வரை அழைத்து, தொடங்கவில்லை, சிக்னலால் மடிந்தது, பூஜ்யமல்லாத எண்ணோடு வெளியேறியது, ஒழுங்காக முடிந்தது என்ற நான்கில் ஒன்றைச் சொல்லும். நான்காவதைத் தவிர வேறு எது வந்தாலும் அந்த மலரை அங்கேயே நிறுத்திவிட்டு அடுத்த மலருக்குப் போய்விடும். ஒன்று மட்டும் பின்னால் சேர்த்தது. பூஜ்யம் என்பது நிரல் தன்னைப் பற்றித் தானே கொடுக்கும் சான்றிதழ். வட்டில் இடம் தீர்ந்துபோன ஒரு நாளில், பூஜ்யத்தோடு முடிந்த படியின் வெளியீட்டுக் கோப்பு வெறும் பூஜ்ய பைட்டாக இருந்ததைப் பார்த்த பிறகு, ஒவ்வொரு படியையும் தற்காலிகப் பெயரில் எழுதச் சொல்லி, அளவு பூஜ்யமில்லை என்று பார்த்த பிறகே உண்மைப் பெயருக்கு மாற்றுகிறேன்.